மீன்தொட்டிக்கும் குளிர்காலம் உண்டு: தண்ணீரின் சூட்டை நிலையாக வைப்பது எப்படி?

புதிதாக மீன் வளர்க்கத் தொடங்கியவர்கள் முதல் குளிர்காலத்தில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "தண்ணீர் எத்தனை டிகிரி இருக்க வேண்டும்?" தேவையான கேள்வி. ஆனால் பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன். நேற்று மாலை எத்தனை டிகிரி இருந்தது, இன்று விடியற்காலையில் எத்தனை டிகிரி இருந்தது? பலரிடம் இதற்குப் பதில் இருக்காது. தெர்மாமீட்டரைப் பகலில்தான் பார்த்திருப்பார்கள். மீன் சுணங்கியதற்கான காரணமோ இரவிலேயே நடந்து முடிந்திருக்கும்.

24 டிகிரியில் ஒரே சீராக இருக்கும் தொட்டியில் கப்பி மீன் நன்றாக இருக்கும். பகலில் 28, விடியலில் 21 என்று நாள்தோறும் ஏறி இறங்கும் தொட்டியில் அதே கப்பி சில வாரங்களில் நோயில் விழக்கூடும். சராசரி எடுத்தால் இரண்டு தொட்டிகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மீனைப் படுத்துவது அந்த ஏற்ற இறக்கம்தான். குளிர்காலப் பராமரிப்பு முழுவதும் அதைக் குறைக்கும் வேலைதான்.

மீனின் உடம்பில் என்ன நடக்கிறது?

வெளியில் எவ்வளவு குளிர் அடித்தாலும் நம் உடம்புக்குள் 37 டிகிரி அளவில் சூடு மாறாமல் இருக்கிறது. சாப்பிட்டதை எரித்து உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மீனின் தசையிலும் கொஞ்சம் சூடு பிறக்கத்தான் செய்யும். ஆனால் ரத்தம் செவுள் வழியாகப் போகும்போது, மெல்லிய தோலுக்கு அந்தப்பக்கம் ஓடும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். சூரை போன்ற சில கடல்மீன்கள் உடம்பின் ஒரு பகுதியை மட்டும் சூடாக வைத்துக்கொள்ளும். ஓபா என்ற கடல்மீன் உடம்பு முழுவதையுமே சுற்றியுள்ள நீரைவிடச் சூடாக வைத்திருப்பது 2015இல் தெரியவந்தது. நம் வீட்டுத் தொட்டியில் இருக்கும் மோலி, டெட்ரா, ஏஞ்சல் எதற்கும் அந்தத் திறமை கிடையாது. தண்ணீர் 22 டிகிரி என்றால் மீனின் ஈரலும் 22 டிகிரிதான்.

செரிமானம், மூச்சு, தசை அசைவு, நோயை எதிர்க்கும் சக்தி எல்லாமே உடம்புக்குள் நடக்கும் வேதிவினைகள். சூடு குறைந்தால் அவை மெதுவாகும். தோராயமாகச் சொன்னால், 10 டிகிரி குறையும்போது இந்த வினைகளின் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போய்விடும். அதனால்தான் குளிர்ந்த காலையில் மீன்கள் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன, தீனி போட்டாலும் மேலே வருவதில்லை. சோம்பலாகத் தெரிகிறது, ஆனால் அந்த வேகத்தில்தான் அவற்றின் உடம்பு அப்போது ஓட முடியும்.

குளிர் மெல்ல மெல்ல வந்தால் மீன் பழகிக்கொள்ளும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. சூட்டில் இளகியும் குளிரில் விறைத்தும் போகிற மெழுகைப்போல, குளிர்ந்தால் அந்தச் சவ்வும் விறைக்கும். அது விறைத்தால் உயிரணுவின் வேலை தடைப்படும். அதைத் தவிர்க்க, குளிரிலும் இளகிய நிலையில் இருக்கும் வேறு வகைக் கொழுப்பை மீனின் உடம்பு சவ்வுக்குள் சேர்த்துக்கொள்கிறது. அழகான ஏற்பாடு, ஆனால் அதற்குப் பல நாட்கள், சில சமயம் வாரங்கள்கூட ஆகும். ஒரே இரவில் 5 டிகிரி இறங்கினால் அந்த வேலைக்கு நேரமே இல்லை.

இந்த இடைவெளியில்தான் வெண்புள்ளி நோய் நுழைகிறது. உடம்பிலும் துடுப்பிலும் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது ஓர் ஒட்டுண்ணியின் வேலை. புதிய மீனோடோ செடியோடோ அது தொட்டிக்குள் வந்திருக்கும். நல்ல உடம்போடு இருக்கும் மீன் அதை ஓரளவு தாங்கும். திடீர்க் குளிரில் எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் ஒட்டுண்ணியின் கை ஓங்கிவிடும். 25 டிகிரியில் சில நாட்களிலேயே முடிந்துவிடும் அதன் வாழ்க்கைச் சுற்று, குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இழுக்கும். மருந்து கொடுத்தும் நோய் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது தெர்மாமீட்டரைத்தான்.

எத்தனை டிகிரி?

தொட்டியில் வளரும் வெப்பமண்டல மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு 24 முதல் 27 வரை ஒத்துப்போகும். நியான் டெட்ராவுக்கு இதைவிடக் கொஞ்சம் குறைவாக, 22 முதல் 26 வரை போதும். ஃபைட்டர் மீனுக்கு 25 முதல் 28. டிஸ்கஸுக்கு 28 முதல் 30 வரை வேண்டும், அது சூடு விரும்பி. ஜீப்ரா டேனியோ 18 டிகிரியிலும் துள்ளிக்கொண்டு திரியும். கோல்டு ஃபிஷ் குளிர்நீர் மீன், அதற்கு 18 முதல் 22 வரை சுகம்.

பட்டியலைப் பார்த்தாலே ஒன்று தெரியும்: டிஸ்கஸையும் கோல்டு ஃபிஷையும் ஒரே தொட்டியில் போட்டால் யாராவது ஒருவர் கஷ்டப்பட்டே ஆக வேண்டும். எந்த ஹீட்டராலும் இதைத் தீர்க்க முடியாது. மீன் வாங்கும் நாளிலேயே தீர்க்க வேண்டிய விஷயம் இது.

நிலையான சூடு என்றால் முள் அசையாமல் 25.0 என்று நிற்க வேண்டும் என்று பயந்துவிட வேண்டாம். ஆற்றிலும் குளத்திலும்கூடப் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் உண்டு. ஒரு நாளில் 1 டிகிரி, அதிகம் போனால் 2 டிகிரி மாறினால் மீன் அதைப் பொருட்படுத்தாது. கோரிடோரஸ் என்ற சிறு கெளுத்தி இனத்துக்கு இலேசாகக் குளிர்ந்த நீர் வந்தால் மழை வந்துவிட்டது என்று அர்த்தம். மீன் பெருக்குபவர்கள் சற்றுக் குளிர்ந்த நீரை மாற்றித்தான் அதை முட்டையிடத் தூண்டுகிறார்கள். நான் அஞ்சுவது ஒரே இரவில் 3, 4 டிகிரி விழுவதையும், அது தினமும் நடப்பதையும்.

தண்ணீர் சூட்டைப் பிடித்து வைக்கும்

இங்கே கொஞ்சம் கணக்கு. புரிந்துவிட்டால் குளிர்காலம் முழுவதும் கைகொடுக்கும்.

1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,186 ஜூல் ஆற்றல் வேண்டும். 100 லிட்டர் தொட்டிக்கு அது 4,18,600 ஜூல். 100 வாட் ஹீட்டர் ஒரு விநாடிக்கு 100 ஜூல் கொடுக்கும். ஆக, சூடு வெளியே துளியும் போகாவிட்டால்கூட, 1 டிகிரி ஏற 4,186 விநாடி, அதாவது 70 நிமிடம் ஆகும். முதல் தடவை ஹீட்டர் போட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் "சூடே ஏறவில்லையே" என்று திருகியைக் கூட்டிவிடுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டுக் கூட்டியதன் விளைவு நடுராத்திரியில்தான் தெரியும்.

ஏறுவதற்கு இவ்வளவு நேரம் எடுக்கும் தண்ணீர், இறங்கவும் நேரம் எடுக்கும். அதுதான் நமக்குச் சாதகம். ஆனால் எல்லாத் தொட்டிக்கும் இந்தச் சாதகம் சமமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு பக்கமும் 20 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 8 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆறு பக்கங்களின் பரப்பையும் கூட்டினால் 2,400 சதுர சென்டிமீட்டர், அதாவது லிட்டருக்கு 300. பக்கத்தை 40 சென்டிமீட்டராக்கினால் 64 லிட்டர் பிடிக்கும். பரப்பு 9,600, லிட்டருக்கு 150தான். சூடு வெளியேறுவது பரப்பு வழியாக. ஆக, அதே அறையில் சின்னத் தொட்டி இரண்டு மடங்கு வேகமாகக் குளிரும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஃபைட்டர் வளர்ப்பது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். குளிர்காலத்தில் அதைவிடக் கடினமான தொட்டி கிடையாது. என்னைக் கேட்டால், புதியவர்கள் 50 லிட்டருக்குக் குறையாமல் தொடங்குவது நல்லது.

சூடு எந்த வழியாகப் போகிறது? கண்ணாடி வழியாகப் போகிறது, அடித்தட்டு வழியாகப் போகிறது. இவை இரண்டும் எல்லோருக்கும் தோன்றும். பலர் மறந்துவிடும் வழி மேற்பரப்பு. தண்ணீர் ஆவியாகும்போது ஏராளமான சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. 1 லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் தேவை. மூடியில்லாத 100 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு 1 லிட்டர் ஆவியானால், அந்த ஒரு லிட்டர் மட்டுமே மீதித் தண்ணீரை 5 டிகிரிக்கு மேல் குளிர்விக்கும் அளவு சூட்டைக் கொண்டுபோகிறது. வேறு மாதிரிச் சொன்னால், ஹீட்டரின் சக்தியில் 28 வாட் இரவு பகலாக ஆவியாகப் பறந்துகொண்டிருக்கிறது. குளிர்காலக் காற்று வறண்டிருந்தால் ஆவியாவது இன்னும் கூடும்.

முதலில் சூட்டைக் காப்போம்

பெரிய ஹீட்டர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை தொட்டிக்கு மூடி போடுவது. வெறும் கண்ணாடித் தகடே போதும். ஒரு மூலையில் காற்று போக இடைவெளி விட்டால் சரி. மூடி போட்டால் தண்ணீருக்கு மேலிருக்கும் காற்றும் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். ஃபைட்டருக்கும் குராமிக்கும் இது மிகவும் முக்கியம். அவை செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை, மேலே வந்து காற்றையும் விழுங்குகின்றன. தண்ணீர் 26 டிகிரியில் இருக்க, விழுங்கும் காற்று 14 டிகிரியில் இருப்பது அவற்றுக்கு நல்லதல்ல.

அடுத்தது தெர்மாகோல். தொட்டியின் பின்பக்கத்துக்கும் இரு பக்கவாட்டுக்கும் வெளியிலிருந்து 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள தெர்மாகோல் தகட்டை ஒட்டிவிட்டால், கண்ணாடி வழியே போகும் சூடு பெருமளவு குறையும். முன்பக்கம் திறந்திருக்கட்டும், இரவில் மட்டும் அதன்மேல் ஒரு துணி போர்த்தலாம். பின்பக்கம் கறுப்புக் காகிதம் ஒட்டித் தெர்மாகோலை மறைத்தால் மீனின் நிறமும் எடுப்பாகத் தெரியும். அடியில் தெர்மாகோல் போடுவது அடிவிளிம்பில் பிளாஸ்டிக் சட்டம் இல்லாத கண்ணாடித் தொட்டிக்குத்தான். சட்டம் உள்ள தொட்டிகளின் எடையைச் சட்டமே தாங்கும்படி செய்திருப்பார்கள், அவற்றின் அடியில் எதையும் திணிக்க வேண்டாம்.

தொட்டி இருக்கும் இடத்தையும் பாருங்கள். ஜன்னலோரம் பகலில் வெயிலும் இரவில் குளிரும் மாறி மாறித் தாக்கும். அடிக்கடி திறக்கும் வாசற்கதவின் எதிரே, ஏசி காற்று படும் இடம், மின்விசிறிக்கு நேர் கீழே, இவையும் வேண்டாம். அறையின் உட்சுவர் ஓரம்தான் நல்ல இடம். நிறைந்த தொட்டியை நகர்த்தக் கூடாது என்பதால் இதை முதல்நாளே யோசிப்பது நல்லது.

ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது?

வழக்கமாகக் கிடைக்கும் ஹீட்டர் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே மின்சாரம் போனால் சூடாகும் கம்பிச்சுருள் இருக்கும். அதன் மேல்பக்கம் தெர்மோஸ்டாட். பழைய பாணித் தெர்மோஸ்டாட்டுக்குள் இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை ஒன்று உண்டு. சூடானால் ஓர் உலோகம் மற்றதைவிட அதிகமாக நீளும், அதனால் பட்டை வளையும். வளைந்ததும் மின் தொடர்பு அறுந்து ஹீட்டர் நிற்கும். தண்ணீர் குளிர்ந்ததும் பட்டை நிமிர்ந்து மறுபடி தொட, ஹீட்டர் எரியத் தொடங்கும். இப்படி நாளெல்லாம் போட்டும் அணைத்தும் தண்ணீரை ஒரே சூட்டில் வைக்கிறது.

இதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தொட்டு விலகும்போது தெறிக்கும் சிறு தீப்பொறியால் அந்தத் தொடுமுனைகள் நாளடைவில் ஒட்டிக்கொள்ளக்கூடும். அப்போது ஹீட்டர் நிற்கவே நிற்காது. ஹீட்டர் கெட்டுப்போனால் தண்ணீர் குளிர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எரிந்துகொண்டே இருக்கும்படி கெடுவதுதான் அதைவிட ஆபத்து. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் 1 லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் தேவை கூடும். இருப்பு குறைந்து தேவை ஏறினால் மீன் மேற்பரப்பில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

இதற்கு நான் நம்பும் வழி ஒன்று உண்டு. 100 வாட் தேவைப்படும் தொட்டியில் 50 வாட் ஹீட்டர் இரண்டு போடுங்கள். ஒன்று நிற்காமல் எரிந்தாலும் அதன் சக்தி பாதிதான், சூடு மெதுவாக ஏறும், நீங்கள் கவனிக்க நேரம் கிடைக்கும். ஒன்று எரியாமலே போனாலும் மற்றது தாங்கிப் பிடிக்கும். இதற்கும் மேலே பாதுகாப்பு வேண்டுமானால், ஹீட்டரைத் தனியான வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக இணைக்கலாம். ஹீட்டரின் உள்ளிருக்கும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டாலும் வெளிக்கருவி மின்சாரத்தை நிறுத்திவிடும்.

எத்தனை வாட்? லிட்டருக்கு 1 வாட் என்பது பழகிப்போன கணக்கு. அறை மிகவும் குளிர்ந்து, தொட்டிக்கும் அறைக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒன்றரை வாட் வரை போகலாம். உங்கள் தொட்டிக்கே உரிய விடை வேண்டுமானால் தொட்டியிடமே கேட்டுவிடலாம். குளிர் அதிகமான ஒரு மாலையில் ஹீட்டரை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை டிகிரி இறங்குகிறது என்று பாருங்கள். லிட்டர் எண்ணிக்கையை அந்த இறக்கத்தால் பெருக்கி, வந்ததை 1.16ஆல் பெருக்குங்கள். 100 லிட்டர் தொட்டி மணிக்கு அரை டிகிரி இறங்கினால் 58. உங்கள் தொட்டி அந்த நேரத்தில் 58 வாட் சூட்டை இழக்கிறது என்று பொருள். 100 வாட் ஹீட்டர் அதில் பாதி நேரத்துக்குச் சற்று மேல் எரிந்தாலே ஈடுகொடுத்துவிடும். மூடி போட்டு, தெர்மாகோல் ஒட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் குறைந்திருப்பதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியே தனி.

ஹீட்டரை வைக்க வேண்டிய இடம் தண்ணீர் ஓட்டம் உள்ள இடம், ஃபில்டரிலிருந்து தண்ணீர் வெளியே விழும் பக்கம். ஓட்டம் இல்லாத மூலையில் வைத்தால் அந்த மூலை மட்டும் சூடாகும், தெர்மோஸ்டாட் ஏமாந்து நின்றுவிடும், மறுகோடி குளிர்ந்தே கிடக்கும். மணலுக்குள் புதைக்கவும் கூடாது, சூடு போக வழியில்லாமல் கண்ணாடி விரிசல் விடும். எதுவரை மூழ்க வேண்டும் என்று ஹீட்டரிலேயே கோடு போட்டிருப்பார்கள். ஆவியாகித் தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது ஹீட்டரைத் தண்ணீரில் வைத்ததும் மின்சாரம் கொடுக்காமல் 20, 30 நிமிடம் விடுங்கள். கண்ணாடியும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரட்டும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை முதலில் நிறுத்துங்கள், கால்மணி நேரம் கழித்துத்தான் தண்ணீரை இறக்குங்கள். நான் ஒருமுறை இதை மறந்தேன். பாதித் தொட்டி காலியானபோது ஹீட்டர் காற்றில் எரிந்துகொண்டிருந்தது. குளிர்ந்த தண்ணீரை ஊற்றியதும் சட்டென்று குழாய் வெடித்தது. கை தண்ணீருக்குள் இல்லாததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு, தொட்டிக்குள் கை வைப்பதற்கு முன் எல்லா மின்சாரத்தையும் நிறுத்துவது எனக்கு மாறாத பழக்கம். உங்கள் மின்பலகையில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வயரை பிளக்குக்கு நேராக இழுக்காமல், பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கவிட்டு மாட்டுங்கள். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

தெர்மாமீட்டர்

ஹீட்டரின் திருகியில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அது ஒரு குறி மட்டுமே, நிஜ அளவைத் தெர்மாமீட்டர்தான் சொல்லும். அதை ஹீட்டருக்கு எதிர்க்கோடியில் வையுங்கள். கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் பட்டை வகை, தண்ணீரோடு அறைக் காற்றின் சூட்டையும் சேர்த்துக் காட்டும், அதனால் குளிர்காலத்தில் குறைவாகவே சொல்லும். உள்ளே வைக்கும் கண்ணாடித் தெர்மாமீட்டரோ, தண்ணீருக்குள் முனையை விடும் டிஜிட்டல் வகையோ மேல். சரியாகக் காட்டுகிறதா என்று சந்தேகம் வந்தால், நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சில நிமிடம் கழித்து முனையை அதில் வைத்துப் பாருங்கள். 0 காட்ட வேண்டும். 1 காட்டினால் எப்போதும் 1 கழித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் மட்டும் விடியலிலும் மாலையிலும் பார்த்து எழுதி வையுங்கள். பதினான்கு எண்கள் போதும், தொட்டியின் குணம் தெரிந்துவிடும்.

தண்ணீர் மாற்றும் நாள்

ஹீட்டர், மூடி, தெர்மாகோல் எல்லாம் சரியாக வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை நாமே குளிரை வாளியில் கொண்டுவந்து ஊற்றுகிறோம். 26 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தொட்டியில் 25 லிட்டரை எடுத்துவிட்டு, 16 டிகிரியில் இருக்கும் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் மொத்தமும் 23.5க்கு வந்துவிடும். சில நிமிடத்தில் இரண்டரை டிகிரி. பல வீடுகளில் குளிர்காலத்தில் தண்ணீர் மாற்றிய மூன்றாம் நாள் வெண்புள்ளி தெரிவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வாளியிலேயே சூட்டைச் சரிசெய்துவிட்டு ஊற்ற வேண்டும். 16 டிகிரித் தண்ணீர் 10 லிட்டரோடு 60 டிகிரிச் சுடுநீர் 3 லிட்டர் கலந்தால் ஏறக்குறைய 26 வரும். கைவிரலை விட்டுப் பார்ப்பது போதாது. குளிரில் மரத்த கைக்கு 22 டிகிரியும் வெதுவெதுப்பாகத்தான் தெரியும். தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள், தொட்டிக்கும் வாளிக்கும் 1 டிகிரிக்குள் இருந்தால் ஊற்றலாம். சுடுநீரை அடுப்பில் காய்ச்சி எடுப்பது நல்லது. செம்புக் குழாய் உள்ள நீர்சூடாக்கியில் தேங்கி நின்ற நீரில் செம்பு கரைந்திருக்கலாம், தொட்டியில் இறால் இருந்தால் அது சிறிதளவும் ஆகாது. குளோரின் நீக்கும் மருந்தை வாளியிலேயே சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. குளிர்ந்த தண்ணீர் அதிகக் காற்றைக் கரைத்து வைத்திருக்கும். அதைச் சட்டென்று சூடாக்கினால் கரைந்த காற்று குமிழியாக வெளியேறும். கண்ணாடியிலும் செடியிலும் மீனின் உடம்பிலும்கூட நுண்ணிய குமிழிகள் ஒட்டிக்கொண்டிருப்பதை அப்போது பார்க்கலாம். மீனின் ரத்தத்துக்குள்ளும் குமிழி உண்டாவது அதற்குத் துன்பம். முந்தின இரவே வாளியில் பிடித்து வைத்து, ஏர் பம்பின் காற்றுக்கல்லைப் போட்டு ஓடவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. குளிர்காலத்தில் ஒரே தடவை 25 விழுக்காடு மாற்றுவதைவிட, வாரத்தில் இரண்டு தடவை 10, 12 விழுக்காடு மாற்றுவதையே நான் விரும்புகிறேன்.

மின்சாரம் போய்விட்டால்

முதலில் பதற்றம் வேண்டாம். மூடியும் தெர்மாகோலும் உள்ள 100 லிட்டர் தொட்டி சில மணி நேரத்தை எளிதாகக் கடந்துவிடும். கனமான போர்வையால் நாலாபக்கமும் சுற்றுங்கள், மேலே காற்றுக்குச் சிறிது வழி விடுங்கள். தீனி போட வேண்டாம். ஃபில்டர் நின்றுவிட்டதால் தண்ணீரின் மேற்பரப்பு அசையாது, ஆக்சிஜன் கலக்காது. பல தொட்டிகளில் குளிருக்கு முன்னால் வரும் சிக்கல் இதுதான். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரையே மொண்டு, சிறிது உயரத்திலிருந்து அவ்வப்போது ஊற்றலாம்.

நேரம் நீண்டால், சுடுநீரை மூடி இறுகிய பாட்டிலில் நிரப்பித் தொட்டியில் மிதக்க விடுங்கள். 22 டிகிரிக்கு இறங்கிவிட்ட 50 லிட்டர் தொட்டியில் 60 டிகிரியுள்ள 1 லிட்டர் பாட்டில் ஒன்று, தன் சூடு முழுவதையும் கொடுத்தால் முக்கால் டிகிரி ஏற்றும். சிறிதாகத் தோன்றும், ஆனால் இறங்குவதைத் தடுக்க அதுவே பெரிய உதவி. சுடுநீரை நேராகத் தொட்டியில் ஊற்றாதீர்கள், அந்த இடத்தில் நிற்கும் மீன் வெந்துபோகும்.

மின்சாரம் திரும்பியதும் சீக்கிரம் பழைய சூட்டுக்குக் கொண்டுவரத் துடிக்கும் மனம். அடக்கிக்கொள்ளுங்கள். இறங்கியது மெதுவாக என்றால் ஏறுவதும் மெதுவாகவே இருக்கட்டும். மணிக்கு 1 டிகிரிக்கு மேல் வேண்டாம், அரை டிகிரி என்றால் இன்னும் நல்லது. ஹீட்டர் அளவான வாட்டில் இருந்தால் அந்த வேகம் தானாகவே அமைந்துவிடும். மறுநாள் காலை வரை தீனி வேண்டாம்.

தீனியும் ஃபில்டரும்

தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது மீன் மட்டும் மெதுவாவதில்லை. ஃபில்டரில் குடியிருந்து மீனின் கழிவை மாற்றும் பாக்டீரியாவும் மெதுவாகிறது. மீன் தின்னாமல் விட்ட தீனி கிடந்து அழுகினால், அதை மாற்றும் வேலையாட்களும் சுறுசுறுப்பாக இல்லை, மீனுக்கு நஞ்சான அம்மோனியா ஏறும். ஹீட்டர் இல்லாத கோல்டு ஃபிஷ் தொட்டியில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். 15 டிகிரிக்குக் கீழே போனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சமாகப் போட்டாலே போதும். கோல்டு ஃபிஷுக்கு ஹீட்டர் தேவையில்லை என்பது சரிதான், ஆனால் மூடியும் தெர்மாகோலும் அதற்கும் தேவை. குளிர் அதைக் கொல்லாது, திடீர்க் குளிர் படுத்தும்.

குளிர்காலம் விடைபெறும் வாரங்களில் பகலில் வெயில் ஏறியதும் ஹீட்டரை எடுத்துவிடத் தோன்றும். அந்த நாட்களில்தான் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் மிக அதிகம். ஹீட்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். தண்ணீர் தானாகச் சூடாக இருக்கும் நேரத்தில் தெர்மோஸ்டாட் அதை எரிய விடாது. ஹீட்டர் எரியாமலேயே விடியலிலும் தெர்மாமீட்டர் தொடர்ந்து 25க்குக் குறையாமல் காட்டத் தொடங்கிய பிறகு எடுத்து, கண்ணாடியில் படிந்த உப்புப் படிவை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, அடுத்த குளிர்காலத்துக்கு எடுத்து வையுங்கள்.